பந்து வீச ஓடி வருவது: 22 எட்டிலிருந்து 16 எட்டுக்கு

ஒரே ஓவரில் நான்கு நோ பால். மூன்றாவதுக்கே கேப்டன் ஓடி வந்து, "கோட்டுக்குப் பின்னாடி கால் வைக்கிறதுல என்னடா கஷ்டம்?" என்று கேட்டான். பயத்தில் அடுத்த பந்துக்குக் கொஞ்சம் மெதுவாகவே ஓடி வந்தேன். அதுவும் அரை அடி தாண்டியது. வேகமாக வந்தால் தாண்டும், சரி. மெதுவாக வந்தும் ஏன் தாண்டியது? வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்விதான் குடைந்துகொண்டே இருந்தது.

எவ்வளவு வேகமாக ஓடுகிறோமோ அவ்வளவு வேகமாகப் பந்து போகும் என்பதுதான் அதுவரை எனக்குத் தெரிந்த கணக்கு. 2003 உலகக் கோப்பையில் பாகிஸ்தானின் ஷோயப் அக்தர் 161.3 கிலோமீட்டர் வேகத்தில் போட்டாரே, அந்த ஓவரை அத்தனை முறை பார்த்திருக்கிறேன். அவரைப் போலவே தூரத்திலிருந்து முடி பறக்க ஓடி வர வேண்டும் என்று 22 எட்டு பின்னால் போய் நிற்பேன். முடி பறந்தது, பந்துதான் பறக்கவில்லை.

நெட்ஸில் எங்களுக்குச் சொல்லித்தருகிற அண்ணன் ஒருவர் இரண்டு ஓவர் பார்த்துவிட்டு, "தம்பி, கோட்டுக்கிட்ட வரும்போது நீ ஓடலை, விழுந்துக்கிட்டிருக்கே" என்றார். அப்புறம் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டினார். இடது கால் தரையில் ஊன்றிய அடுத்த கணமே முட்டி மடங்கி, உடம்பு மொத்தமும் கீழே அமுங்குகிறது. வலது கை அதற்குப் பிறகுதான் மேலே வருகிறது.

சைக்கிளில் வேகமாகப் போகும்போது முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் ஆள் முன்னால் தூக்கி எறியப்படுவான் இல்லையா, பந்துவீச்சிலும் அதுதான் நடக்க வேண்டும். முன்கால்தான் (எனக்கு இடது கால்) பிரேக், ஓடி வந்த வேகத்தை அது நிறுத்தினால்தான் இடுப்புக்கு மேலே இருப்பதெல்லாம் முன்னால் வீசப்படும். கால் மடங்கினால் அந்த வேகம் முட்டியிலேயே செத்துப்போகும். பும்ராவைப் பாருங்கள். நாலைந்து எட்டு நடை மாதிரி, கடைசியில் கொஞ்சம் ஓட்டம், அவ்வளவுதான். ஆனால் ஊன்றும்போது அந்த முன்கால் கம்பு நட்ட மாதிரி நிற்கும். ஆக, என் கால் தாங்குகிற வேகம் எதுவோ அதுதான் என் ரன்-அப், அதாவது பந்து வீச ஓடி வரும் ஓட்டத்தின் வேகம். அதற்கு மேல் ஓடுவது வீண்.

அந்த வேகத்தைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று வாரம் ஆனது. போனில் நொடிக்கு 240 பிரேம் ஓடும். பந்து கையை விட்டதிலிருந்து ஸ்டம்பைத் தாண்டும் வரை பிரேம்களை எண்ணினேன். ஒரே மாதிரி லென்த்தில், அதாவது பிட்ச்சில் ஒரே தூரத்தில் விழுந்த பந்துகளை மட்டும் கணக்கில் எடுத்தேன். தலைதெறிக்க ஓடி வந்தபோது 160 பிரேம். கிட்டத்தட்ட ஜாகிங் மாதிரி வந்தபோது 168. முழு வேகத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வைத்து வந்தபோது 154! தூரத்தை 18.5 மீட்டர் என்று வைத்தால் 160 பிரேம் என்பது மணிக்கு 100 கிலோமீட்டர், 154 என்பது 104. ராடார் காட்டுவது கையை விட்ட கணத்தின் வேகம், இது வழி முழுவதற்குமான சராசரி என்பதால் குறைவாகத்தான் வரும். எனக்கு வேண்டியது ஒப்பீடு மட்டும்தானே.

வேகம் கிடைத்ததும் தூரம். கிரீஸில், அதாவது அந்தக் கோட்டில் நின்று, ஸ்டம்புக்கு முதுகைக் காட்டி, வெறும் மைதானத்தைப் பார்த்து எதிர்ப்பக்கமாக அந்த வேகத்தில் ஓடினேன். கோடு எங்கே என்ற நினைப்பே இல்லாமல், எங்கே தாவத் தோன்றுகிறதோ அங்கே தாவிப் பந்தை விட வேண்டும். முன்கால் விழுந்த இடத்தில் நண்பன் ஒரு சாக்பீஸ் துண்டை வைத்தான். பத்து தடவை ஓடினேன். முதல் மூன்றும் சிதறிக் கிடந்தன. மீதி ஏழும் ஓரடி வட்டத்துக்குள் விழுந்தன. அதன் நடுவிலிருந்து கிரீஸ் வரை டேப் பிடித்து அளந்து வைத்துக்கொண்டேன். ஓடிக் கடக்க 16 எட்டு.

அப்படியும் அடுத்த மேட்ச்சில் ஒரு நோ பால். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் முதல் நாள் கேள்விக்கே பதில் கிடைத்தது. ஓட்டம் தொடங்கக் குறித்து வைத்த மார்க்குக்குப் பின்னாலிருந்து நடந்து வந்து ஓட ஆரம்பிப்பது என் பழக்கம். அந்த நடை ஒரு பந்துக்கு மூன்று எட்டு, இன்னொன்றுக்கு நான்கு. மார்க்கை மிதிப்பது ஒரு தடவை இடது கால், ஒரு தடவை வலது கால். அதனால் மெதுவாக வந்தாலும் கோட்டுக்கிட்ட கால் விழுகிற இடம் மாறிவிடும். டேப் வைத்து அளந்தது என்னத்துக்கு! இப்போது மார்க்கிலேயே இரண்டு காலையும் சேர்த்து நின்று, வலது காலை எடுத்து வைத்துத்தான் கிளம்புகிறேன்.

நடுவில் ஒரு மடத்தனமும் செய்தேன். ஆர்வக் கோளாறில் நான்கு நாள் தொடர்ந்து தினம் 80 பந்துக்கு மேல் போட்டேன். முன்கால் ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அதன் மேல் இறங்கும். கீழ் முதுகு பிடித்துக்கொண்டு பத்து நாள் குனிய முடியவில்லை. பிரேம் எண்ண 20 பந்து போதும்.

எதிர்காற்று அடித்தால் மார்க்கை அரை அடி முன்னால் வைக்கிறேன், பின்காற்றுக்கு அதே அளவு பின்னால். கடைசி ஸ்பெல், அதாவது கடைசியாகத் தொடர்ந்து போடுகிற ஓவர்கள்தான் இன்னும் பிடிபடவில்லை. களைப்பில் எட்டு சுருங்கி, கால் கோட்டுக்கு ஒரு சாண் பின்னாலேயே விழுந்துவிடுகிறது. மார்க்கை முன்னால் நகர்த்துவதா, இரண்டு ஓவர் முன்பே பந்தைக் கொடுத்துவிடுவதா என்று கேப்டனிடம் கேட்டேன். "நோ பால் இல்லல்ல? போடு" என்றான்.