தொப்பி போட்டால் போதுமாம்

மாங்குளத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். கூரையில் குரங்கு பாய்ந்தால் என் பெடியள் ஒருத்தனும் கதிரையில் இருக்கமாட்டான். பிள்ளைகளின் மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலோ தலை கொஞ்சம் அசைந்தாலே படம் கலங்கிவிடும். அமெரிக்காவில் 9, 10 வயதில் ஏறத்தாழ 12,000 பிள்ளைகளைச் சேர்த்து வருடக்கணக்காகப் பின்தொடரும் ஏபிசிடி என்ற மூளை வளர்ச்சி ஆய்வில், முதலில் எம்.ஆர்.ஐ. போலவே செய்த ஒரு போலி இயந்திரத்துக்குள் படுக்கவைத்துப் பழக்கினார்கள். கெட்டித்தனம்தான்.

எனக்குப் பிடித்தது எஃப்-நிர்ஸ். ஒளி முனைகள் பொருத்திய தொப்பி அது. அகச்சிவப்பை அண்மித்த ஒளி மண்டையோட்டைத் தாண்டிப்போய், மூளையின் மேற்பரப்பில் இரத்தத்தின் ஒட்சிசன் மாறுவதைக் காட்டும். பிள்ளை அம்மாவின் மடியிலேயே இருக்கலாம். மேற்கு ஆபிரிக்காவில், காம்பியாவின் கெனெபா கிராமத்தில் கைக்குழந்தைகளுக்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூளையின் ஆழம் தெரியாது, சரி. ஆனால் கெனெபாவுக்குப் போனது வன்னிக்கும் வரலாம்தானே? தொப்பியை எங்கட பெடியள் கழற்றி எறியாமல் இருந்தால்.