உப்புலயே குடித்தனம் பண்ற செல்லுங்க

கருவாடு போடறப்ப பாத்திருப்பீங்க, உப்பு பட்டதும் மீன்ல இருக்கற தண்ணி வெளிய வந்து அப்படியே சுருங்கிடும். அந்த அளவு உப்பு இல்லன்னாலும் நம்ம கிட்னியோட உள்பகுதி, மெடுல்லான்னு சொல்வாங்க, அங்க இருக்கற செல்லுங்க காலம் முழுக்க உப்புலயும் யூரியாவுலயும் தான் கெடக்குதுங்க. ரத்தத்துல கரைஞ்சிருக்கற பொருளுங்களோட அடர்த்தி சுமாரா 290 மில்லிஆஸ்மோல்னா (அதை அளக்கற அலகு), மூத்திரம் நல்லா கெட்டியாகறப்ப அங்க 1200 வரைக்கும் போகும், ஆனாலும் சாகறதில்ல!!

எப்படின்னா, உப்பு ஏறினதும் டோன்இபிபின்னு ஒரு புரோட்டீன் நியூக்ளியஸுக்குள்ள நிறைய போய் சேந்து டிஎன்ஏல ஒட்டிக்கிட்டு சில ஜீன்களை முடுக்கி விடுது, அதுல ஒண்ணு குளுக்கோஸை சார்பிட்டாலா மாத்தற என்சைமுக்கானது, இன்னும் சிலது பீட்டெய்ன், இனோசிட்டால், டாரின் எல்லாத்தையும் வெளிய இருந்து உள்ள இழுக்கற பம்புகளுக்கானது. உப்புக்கு பதிலா இந்த சாதுவான பொருளுங்க உள்ள நிறைஞ்சா தண்ணியும் வெளிய ஓடாது, புரோட்டீனும் கெடாது. எவ்ளோ அழகான ஏற்பாடு பாருங்க. கூடவே ஹெச்எஸ்பி70ங்கற காவல்கார புரோட்டீனும் ஏறும்.

இந்த டோன்இபிபிய 1999ல தான் ரெண்டு குழு தனித்தனியா கண்டுபிடிச்சாங்க, இன்னொரு குழு வெச்ச பேரு என்ஃபாட்5. அந்த ஜீன் இல்லாம செஞ்ச எலிங்க நிறைய கருவுலயே செத்துருச்சு, தப்பி பொறந்ததுங்களுக்கு மெடுல்லா தேஞ்சு போயிருந்துச்சு, அதை படிச்சப்ப மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு.

நாம நிறைய தண்ணி குடிச்சா அங்க உப்பு கொறையும், உடனே சேத்து வெச்சதை எல்லாம் செல்லு வெளிய விட்டுரும், அப்புறம் மறுபடி தாகம், மறுபடி சேமிப்பு.