குருசுமலைக்கு ஒரு நேரியல்

பெரிய வியாழனன்று காலை ஐந்தரை மணிக்கு வேன் வந்து நின்றபோது, அம்மை இன்னும் டிரங்குப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். "மலை ஏறதுக்கு எத உடுத்தா என்னம்மா, வாங்க" என்று வாசலில் நின்று கத்தினேன். பதில் இல்லை. கடைசியில் ஒரு பழைய நேரியலோடு, தோளில் போடுகிற மேல்துணியோடு, வெளியே வந்தாள். கைத்தறிப் பருத்தி. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நீலக்கரை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் பழுப்பேறி, அந்துருண்டை வாசம் வீசியது. அவளுடைய பாட்டி உடுத்திய நேரியல் அது. அதை இடது தோளில் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் ஏறி உட்கார்ந்தாள்.

வேனில் நாங்கள் ஐந்து பெண்கள், மூன்று சபை. அம்மையும் நானும் சி.எஸ்.ஐ. மைனி, அதாவது அண்ணன் மனைவி, முளகுமூடு பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். இந்தக் குருசுமலைப் பயணமே அவளுடைய நேர்ச்சைதான். பெரியம்மை இருபது வருடமாகப் பெந்தெகொஸ்தே. வெள்ளைச் சேலை, காதிலும் கழுத்திலும் பொட்டுத் தங்கம் கிடையாது, தலையில் எந்நேரமும் முக்காடு. "நான் சிலுவையக் கும்பிட வரல்ல, தங்கச்சிக்குத் துணைக்கு வாறேன்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். ஐந்தாவது ஆள் மைனியின் மகள். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். எந்தச் சபை என்று கேட்டால் சிரிப்பாள். சுடிதார் போட்டிருந்தாள், ஷால் இல்லை. அம்மை அதைக் கவனித்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

நாகர்கோவிலிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற வழியில் முதலில் திருவிதாங்கோட்டில் இறங்கினோம். தோமையார் கி.பி. 63-ல் கட்டிய கோயில் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஊர்க்காரர்கள் அதை அரப்பள்ளி என்பார்கள். பெரிய பள்ளி எதையோ எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். செதுக்கிய கருங்கல்லில், கையடக்கமாக ஒரு கட்டடம். உள்ளே போனதும் காலடியில் குளிர்ச்சி ஏறும். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் கையில் இருக்கிறது. கேரளத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் அந்த அம்மச்சியைப் பார்த்தேன். தொண்ணூறு வயதாவது இருக்கும். தலை முதல் கால் வரை வெள்ளை. உடம்பில் தளர்வான சட்டை, இடுப்பில் முண்டு. முண்டின் ஒரு முனையைச் சின்னச் சின்ன மடிப்பாக மடித்துப் பின்பக்கம் விசிறி மாதிரி செருகியிருந்தார். அந்த மடிப்புக்கு ஞொறி என்று பெயர். மேல்காதில் கனமான ஒரு பொன்வளையம். கசவுக்கரை போட்ட கவணி என்ற மேல்துணி தோளில் கிடந்தது. படியில் கால் வைக்கும்போது, யாரும் சொல்லாமலே கை மேலே போயிற்று, கவணி தலைக்கு ஏறியது. வெளியே வந்ததும் அதே மாதிரி தோளுக்கு இறங்கியது. விளக்கைப் பொருத்தி அணைப்பது போல, அவ்வளவு இயல்பாக.

அம்மை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எவிடெயா வீடு?" என்று அம்மச்சி கேட்டார். இவள் தமிழில் சொல்ல, அவர் மலையாளத்தில் சொல்ல, இருவருக்கும் எல்லாம் புரிந்தது. முழங்கால் வலிதான் முக்கியமான பேச்சு. போகும்போது அம்மச்சி அம்மையின் நேரியல் ஓரத்தைப் பிடித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "நல்ல துணி" என்றார்.

அந்தச் சட்டைக்கும் எங்களுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களைப் போலத் தாழ்த்தி வைக்கப்பட்ட மற்றப் பெண்களும் தோளை மூடக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பெண்கள் மூட ஆரம்பித்ததும் தகராறு தொடங்கியது. 1814-ல் திருவிதாங்கூர் அரசு ஒரு வழி சொன்னது: சுரியானிக் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளை முஸ்லிம் பெண்களும் போடுவது போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் போல மேலே துணி போடக் கூடாது. அதாவது இந்த அம்மச்சி போட்டிருக்கிற மாதிரிச் சட்டை சரி. அவர் தோளில் கிடக்கிற துணி மாதிரி ஒன்று எங்களுக்கு ஆகாது.

அங்கிருந்து மார்த்தாண்டம் தாண்டி, வழியில் ஓர் ஆலயத்தில் நிறுத்தினோம். பெயர் வேண்டாம். வாசலில் கையில் பட்டை கட்டிய பையன் ஒருவன் அண்ணன் மகளைத் தடுத்தான். "ஷால் எங்க? தலை மூடாம உள்ள போகப்பிடாது." ஒரு பெட்டிக்குள்ளிருந்து துவர்த்துத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினான். அதற்கு முன் எத்தனை தலையைத் தொட்டிருக்குமோ, எண்ணெய்ப் பிசுக்கு மினுங்கியது. பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. துவர்த்தை வாங்காமல் திரும்பி வேனில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குக் கோபம்தான். அந்தப் பையன் தலையில் தொப்பி போட்டிருந்தான். பெண் தலையை மூட வேண்டும் என்று வேதாகமத்தில் பவுல் எழுதிய அதே அதிகாரத்தில், ஆண் தலையை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், பதினோராம் அதிகாரம். அதை யாரும் வாசலில் நின்று சொல்வதில்லை.

வேனில் பெரியம்மை பவுலின் பக்கம் நின்றாள். "வசனத்தில இருக்கில்லா, முக்காடிடணும்னு." இருக்கிறதுதான். பத்தாம் வசனம், தூதர்களினிமித்தம் முக்காடிட்டுக்கொள்ள வேண்டும் என்று நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் வருகிறது. ஆனால் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் முக்காடு என்ற சொல் கிடையாது, அதிகாரம் என்ற சொல்தான் இருக்கிறது. பெண்ணின் தலைமேல் ஓர் அதிகாரம். அது அவள்மேல் இன்னொருவருக்கு உள்ள அதிகாரமா, அவளுக்கே உள்ள அதிகாரமா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மூன்று வசனம் தள்ளி, உங்களுக்குள்ளே நிதானித்துக்கொள்ளுங்கள் என்று பவுலே விட்டுவிடுகிறார். இதை நான் சொன்னதும் பெரியம்மை, "நீ டீச்சரா இருந்து கெட்டுப்போன" என்றாள்.

மைனிக்கு இந்த வாதமே தேவையில்லை. கத்தோலிக்கர்களுக்கு 1917-ல் வந்த திருச்சபைச் சட்டத்தில் பெண்கள் கோயிலில் தலையை மூட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 1983-ல் வந்த புதுச் சட்டத்தில் அது இல்லை. ஆனாலும் மைனி கைப்பையில் மடித்து வைத்திருக்கும் வெள்ளை லேஸ் முக்காடு இல்லாமல் பூசைக்குப் போக மாட்டாள். "தலையில துணி விழுந்தாத்தான் எனக்கு ஜெபம் வரும்" என்பாள். இதை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது?

அருமனை தாண்டியதும் அம்மை வாயைத் திறந்தாள். பேத்தியிடம்தான் பேசினாள். மற்றவர்கள் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் உரக்க.

"எனக்க பாட்டிக்க பாட்டி குப்பாயம் போட்டுத்தான் சந்தைக்குப் போவா. ஒரு நாளு வழியில மறிச்சு, போட்டிருந்தத இழுத்துக் கிழிச்சுப் போட்டானுவ. அவ அழல்ல. கீழ கெடந்த கமுகம்பாளைய எடுத்து மாரோட சேத்துப் பிடிச்சிட்டு, வாங்கின மீனையும் எடுத்துட்டு வீட்டுக்கு வந்தா. கேட்டியா மக்களே, மீன விடல்ல."

வேனில் சத்தம் இல்லை. டிரைவர் ஹாரன் கூட அடிக்கவில்லை.

அம்மை சொன்னது அநேகமாக 1858-ஐ ஒட்டிய நாட்களாக இருக்க வேண்டும். 1829-ல் இன்னொரு ஆணை வந்து, குப்பாயம் போடலாம், தோள்சீலை ஆகாது என்று மறுபடியும் அழுத்திச் சொன்னது. அதற்கு முன்னும் பின்னும் ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா அறிக்கை போட்டார். சென்னை கவர்னர் டிரெவெலியன் கொடுத்த நெருக்கடியும் அதற்குக் காரணம். நாடார் பெண்கள் எந்த மதமானாலும் குப்பாயம் போடலாம், மீனவப் பெண்களான முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம், மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கூடாது. அந்தக் கடைசித் துண்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். கொடுக்கிற கையிலேயே கத்தரிக்கோலும் இருந்திருக்கிறது.

பனச்சமூட்டில் டீ குடித்தோம். தெருவின் ஒரு பக்கம் பேசுகிற மொழி மறுபக்கத்தில் கொஞ்சம் சாய்ந்து கேட்கும், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அவ்வளவுதான் எல்லை. 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. குருசுமலைத் திருப்பயணம் தொடங்கியது அடுத்த வருடம், 1957-ல். மலையின் ஒரு பக்கம் வெள்ளறடை, மறுபக்கம் பத்துகாணி. சிலுவைக்கு இரண்டு மாநிலத்திலிருந்தும் ஏறி வருகிறார்கள்.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீனமாதத்து வெயில், பாறை, ரப்பர் தோட்டம் முடிந்ததும் நிழலும் முடிந்துவிடும். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் சிலுவைப்பாதை நிலைகள் ஒவ்வொன்றிலும் மெழுகுவர்த்தி உருகி ஓடியிருந்தது. மலையாளத்தில் ஒரு கூட்டம் பாடிக்கொண்டு போனால், அதன் வால் பிடித்துத் தமிழில் ஒரு கூட்டம். தோளில் மரச்சிலுவை சுமந்தவர்கள், வெறுங்காலோடு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள்.

நான் பார்த்துக்கொண்டே போனது அம்மையின் நேரியலை. முதல் நிலையில் அது தோளில் இருந்தது. முழங்கால் போடும்போது தலைக்கு ஏறியது. மூன்றாம் நிலையில் முகம் துடைத்தாள். ஐந்தாம் நிலை அருகில் அதைச் சுருட்டி, பெரியம்மை உட்காரப் பாறையில் போட்டாள், பாறை அப்படிச் சுட்டது. ஆறாவது நிலை, வெரோணிக்காள் இயேசுவின் முகம் துடைத்தது. மைனி அங்கே வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். சிலுவை கும்பிட வராத பெரியம்மையும் அங்கே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் அதைப் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

இளைப்பாறிய இடத்தில் அம்மை, மைனியின் முக்காட்டு ஓரத்தைக் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது கையில பின்னினதா, மிஷினா?" கைதான் என்றாள் மைனி. அம்மைக்கு அந்த வேலை தெரியும். உருண்டைத் தலையணையில் வரைதாளைக் குத்தி, குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரு சாண் லேஸுக்கு ஒரு பகல் போகும். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா 1820-களில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அப்போது அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். தங்கள் மேல் நல்ல துணி போட அனுமதி இல்லாத காலத்தில், கடல் தாண்டிப் போகிற துணிக்கு ஓரம் பின்னியிருக்கிறார்கள். அம்மை ஓரத்து வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க ஒரு கண்ணி விட்டிருக்கா" என்றாள். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

உச்சிக்கு வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. மைனியின் லேஸ் பறந்து கழுத்தில் சுற்றிக்கொண்டது. பெரியம்மை இரண்டு கையாலும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முக்காடு எப்போதோ நழுவியிருந்தது, அதைச் சரிசெய்ய எனக்குத் தோன்றவுமில்லை. கீழே கேரளம் எது, தமிழ்நாடு எது என்று தெரியாமல் ஒரே பச்சை.

ஜெபம் முடியும் வரை பேசாமல் நின்ற பிள்ளை, பாட்டியிடம் கை நீட்டினாள். "அதத் தாங்க."

அம்மை நேரியலைக் கொடுத்தாள். பிள்ளை அதைத் தலையில் போடுவாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் அதை உதறி, முதுகுப்பக்கமாகக் கொண்டுவந்து, இரண்டு தோளும் மூடும்படி போட்டு, முனையை முன்னால் விட்டாள். தலைமுடி காற்றில் அலைந்தது. பெரியம்மை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மை அவள் பக்கம் திரும்பவே இல்லை. பேத்தியின் எதிரில் போய் நின்று, இடது தோளில் மடிப்பைப் பிரித்து, கரை வெளியே தெரியும்படி மறுபடி மடித்துவிட்டாள்.

"கரை தெரியணும் மக்களே" என்றாள்.

இறங்கும்போது அடிவாரத்தில் கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். பிள்ளை நேரியலில் கஞ்சி சிந்திவிட்டாள். துவைத்துத் தருகிறேன் என்று சொன்னதற்கு, மிஷினில் போட்டுவிடாதே, கையால் அலசி, வடிகஞ்சியில் முக்கி, நிழலில் உலர்த்த வேண்டும் என்று அம்மை மார்த்தாண்டம் வரைக்கும் பாடம் எடுத்துக்கொண்டே வந்தாள். நாகர்கோவிலில் இறங்கும்போதும் அது பிள்ளையின் தோளில்தான் கிடந்தது. அம்மை திரும்பக் கேட்கவில்லை.