நண்பர்கள் வசதியோடு ஒரு வங்கி ஆப்: இறுதித் திட்டம் செய்பவர்களுக்கு

யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) படிப்பின் இறுதித் திட்டத்துக்கு எனக்குக் கிடைத்தது, இளைஞர்களுக்கான வங்கி ஆப். நண்பர்களோடு சேர்ந்து பயன்படுத்தும் வசதிகளும் அதில் வேண்டும். இந்தத் தலைப்பு கிடைத்ததும் திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மாவைத் திறந்து, நண்பர்களின் பதிவுகள் வரிசையாக வரும் ஃபீடை வரையத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு தாளில், யார் எதைப் பார்க்கலாம் என்று அட்டவணை போடுங்கள். ஒரு பக்கம் இருப்பு, தொகை, குறிப்பு, நண்பர் பட்டியல். இன்னொரு பக்கம் நான், பணம் பெறுபவர், குழு, மற்றவர்கள். பயனர் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கும் ஒரு கட்டம் வேண்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னைத் துருவித் துருவிக் கேட்டது பெரும்பாலும் இந்த அட்டவணையைப் பற்றித்தான்.

நண்பர்களுக்குப் பணம் அனுப்பும் அமெரிக்க ஆப்பான வென்மோவின் கதையைக் கட்டாயம் படியுங்கள். அதில் தொகை வெளியே தெரியாது. ஆனால் யார் யாருக்கு அனுப்பினார், எதற்கு என்பதெல்லாம் நாமாக மாற்றாதவரை எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. 2021-இல் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனின் கணக்கையே, நண்பர் பட்டியலைப் பிடித்துப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டில் உலகுக்கே திறந்திருந்த ஃபீடை நிறுவனம் எடுத்துவிட்டது. செட்டிங்ஸுக்குள் போய் மாற்றுபவர்கள் குறைவு. அதனால் ஆப்பை நிறுவும்போதே எல்லாம் மூடியிருக்கட்டும்.

அதிக நேரம் தர வேண்டியது செலவைப் பிரிக்கும் திரைக்கு. சமமாகப் பிரிப்பது சுலபம். நூறை மூன்றாகப் பிரித்தால் மிஞ்சுவது யார் தலையில்? ஒருவர் நடுவில் விலகினால்? பாதி மட்டும் கொடுத்தால்? இந்த நிலைகள் ஒவ்வொன்றுக்கும் திரை வரைந்து வையுங்கள். புரோட்டோடைப்பை (மாதிரி ஆப்பை) சிலரிடம் கொடுத்துச் சோதித்தபோது, 'நினைவூட்டு' பொத்தான் வரை வந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. நண்பனிடம் காசு கேட்கக் கூச்சம், வேறென்ன! நினைவூட்டலை ஆப்பின் பெயரிலேயே போகும்படி மாற்றினேன், தயக்கமில்லாமல் அழுத்தினார்கள். யார் இன்னும் தரவில்லை என்பதையும் குழு முழுவதற்கும் காட்டாமல், பணம் வர வேண்டியவருக்கு மட்டும் காட்டினேன்.

சோதனையில் 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கவனியுங்கள்.

நிறம், எழுத்து விஷயத்தில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்), விரல் படும் இடம் 48 டிபி (ஆண்ட்ராய்டு திரை அளவின் அலகு), இவை இருந்தால் சரி. ஆனால் லைக் பொத்தானைப் பணம் அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அப்புறம், 'சேமிப்பில் யார் முதலிடம்' என்ற பட்டியல் ஏன் இல்லை என்று தேர்வாளர் கேட்கலாம், என்னிடம் கேட்டார். கடைசி இடத்தில் இருப்பவர் மறுநாள் ஆப்பைத் திறப்பாரா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதிலாக வைத்திருந்த கூட்டு இலக்குத் திரையையும் காட்டினேன். அதில் மொத்தம் மட்டும் தெரியும், யார் எவ்வளவு போட்டார்கள் என்பது தெரியாது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.