போட்டிக்குக் குழந்தை தைக்கும் க்வில்ட்: கால் இன்ச்சில் இருக்கிறது எல்லாம்

க்வில்ட் என்பது துணித்துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து மூன்று அடுக்காகத் தைக்கும் விரிப்பு. துணிக்கலைப் போட்டிக்கு அதைத் தைப்பது என்றதும் பெரியவர்கள் முதலில் செய்கிற தப்பு, படுக்கை அளவுக்குத் திட்டம் போடுவது. பாதியில் குழந்தைக்குக் கை வலிக்கும், மீதியை வீட்டிலுள்ளவர்கள் தைப்பார்கள். ஒரே துணியில் இரண்டு கைகளின் தையல் இருந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைக்கு 16 சதுரங்கள் போதும். ஒவ்வொன்றும் 5 இன்ச் வெட்டி, நாலுக்கு நாலாகச் சேர்த்தால் தையலுக்குப் போனது போக 18 இன்ச்சில் முடியும். போட்டி விதிகளில் அளவையும், பெரியவர்கள் எதுவரை உதவலாம் என்பதையும் துணி வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

துணி பருத்தியாகவே இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்தால் ஊசிக்கடியில் வழுக்கும், இஸ்திரிச் சூட்டில் சுருளும். வெட்டுவதற்கு முன் அலசிக் காயவைப்பது கட்டாயம். சிவப்பும் கருநீலமும் சாயம் விட்டால் பக்கத்திலிருக்கும் வெள்ளைச் சதுரம் பாழ். சதுரங்களை இழை நேராக இருக்கும்படி வெட்டுங்கள். கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய துண்டு கையில் பிடிக்கும்போதே இழுபட்டுச் சாய்சதுரமாகிவிடும்.

அடுத்து, துண்டின் ஓரத்தில் தையலுக்கு விடும் கால் இன்ச். நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். ஒரு வரிசையைக் கால் இன்ச்சிலும் அடுத்ததைக் காலே அரைக்கால் (3/8) இன்ச்சிலும் தைத்தால், ஒவ்வொரு தையலிலும் இரண்டு துண்டிலுமாகக் கால் இன்ச் கூடுதலாக உள்ளே போகும். வரிசைக்கு மூன்று தையல். ஆக, இரண்டாவது வரிசை முக்கால் இன்ச் குட்டை. அதை இழுத்துச் சேர்த்தால் சுருக்கம்தான். சதுரத்தின் பின்பக்கம் பென்சிலும் ஸ்கேலும் வைத்துக் கோடு போட்டுக்கொடுங்கள், குழந்தை கோட்டின்மேல் ஊசியை மேலும் கீழுமாக விட்டு ஓட்டுத் தையல் போடட்டும். நூல் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம், நீளமானால் சிக்கும்.

முதல் வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையுடையதை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்பும் மடிப்பும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும், மூலைகள் தானாக நேராகும். இஸ்திரியை வைத்து அழுத்தி எடுங்கள். தேய்த்து இழுத்தால் துணி நீண்டுவிடும்.

இனி மூன்று அடுக்கு. அடித்துணியும் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பும் நாலு பக்கமும் 2 இன்ச் கூடுதலாக இருக்கட்டும். அடித்துணியை நல்ல பக்கம் கீழே வருமாறு மேசைமேல் விரித்து, விறைப்பாக டேப் ஒட்டுங்கள். பின்னால் சுருக்கம் விழுவதற்கு, இதைத் தளர்வாக விடுவதுதான் பெரும்பாலும் காரணம். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் தைத்த துணி. உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்தி, மூன்று அடுக்கையும் சேர்த்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் உபரித்துணி நடுவில் வந்து குமியும்.

முடிச்சு வெளியே தெரியக்கூடாது. தையல் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு இன்ச் தள்ளி மேல்துணியில் ஊசியை இறக்கி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுத்து, நூலைச் சட்டென்று சுண்டினால் சின்னச் சத்தத்தோடு முடிச்சு பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இது!

வேறு துணியில் வெட்டிய ஒட்டுப் படங்கள் வைப்பதானால் பசையோடு நிறுத்தாதீர்கள். அந்த இடம் விறைத்துப்போகும், ஓரமும் பிசிரடிக்கும். சுற்றிலும் தையல் வேண்டும்.

சுற்றிலும் ஓரத்தை மூடித் தைக்கும் ஓரப்பட்டைக்கு இரண்டரை இன்ச் அகலத்தில் மொத்தம் 84 இன்ச் நீளம் ஆகும். மூலைக்குக் கால் இன்ச் முன்பே தையலை நிறுத்தி, பட்டையை மேலே மடித்துக் கீழே இறக்கித் தொடர்ந்தால் மூலை கூராக வரும். கடைசி நாளுக்கு இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஒரு நாள் முழுதாகப் பிடிக்கும். மேலே தொங்கவிடக் கம்பு நுழையும் துணிக்குழாயைப் பின்னால் தைத்துவிட்டு, மீந்த நூல்நுனிகளைக் குழந்தையையே தேடி நறுக்கச் சொல்லுங்கள். தையல் கொஞ்சம் கோணியிருந்தால் இருக்கட்டும், பிரித்துத் திருத்தாதீர்கள்.

கொண்டுபோகும்போது மடித்தால் கோடு விழும். மேல்பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டிப் பழைய பருத்தித் துணியில் சுற்றிக்கொடுங்கள்.