மலைக் காற்றின் மேல் போட்ட பழி

ஒன்றரை வருடமாக என் வண்டியில் ஒரு குறை இருந்தது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திருப்பி மிதித்தால், இன்ஜின் 2,300 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 2,300 சுற்று) தாண்டும் வரை உயிரே இருக்காது. அதற்கப்புறம் ஒரேயடியாகப் பாயும். கோத்தகிரியில் யாரிடம் சொன்னாலும், "மேல காத்து கம்மிங்க, பெரிய டர்போ வேற போட்டிருக்கீங்க, லேட்டாத்தான் எழும்" என்பார்கள். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம், அதனால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கோவைக்குப் போய் டைனோவில், அதாவது சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டு வண்டியின் சக்தியை அளக்கும் கருவியில், ஏற்றிய அன்றுதான் உண்மை தெரிந்தது. இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

வண்டி 2017 இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2.5 லிட்டர் டீசல். கம்பெனியிலிருந்து வரும்போது 134 ஹெச்.பி., 320 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). அந்த 320 முழுவதும் 1,800 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும். நான் பெரிய கம்ப்ரஸர் வீல் வைத்த டர்போ, பெரிய இன்ஜெக்டர், அகலமான இன்டர்கூலர், மூன்று இன்ச் டவுன்பைப், கனமான கிளட்ச் என்று ஒவ்வொன்றாக மாற்றியிருந்தேன். இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வின் மேப்பை (எப்போது எவ்வளவு டீசல், காற்று என்ற அட்டவணையை) ஒருவர் லேப்டாப்பில் எழுதிக் கொடுத்து, "180 தாராளமா இருக்கும்" என்றார். டைனோவில் ஏற்றாமல், ரோட்டில் ஓட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. புகையின் நச்சைக் குறைக்கும் ஈ.ஜி.ஆரையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் மட்டும் தொடக் கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். வளைவில் நமக்குப் பின்னால் பைக்கில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு ஒருவர் வருவார், நம் புகை நேராக அவர்கள் முகத்தில்தான் போகும்.

டைனோ வேண்டுமென்றால் நாங்கள் கோவைக்குத்தான் இறங்க வேண்டும். போனில் நான் கேட்ட முதல் கேள்வி, "உருளையில் பிரேக் உண்டா?" என்பது. இதை எல்லோரும் கேட்க வேண்டும். சாதாரண டைனோவில் கனமான உருளை மட்டும் இருக்கும். சக்கரம் அதை எவ்வளவு வேகமாகச் சுழற்றி ஏற்றுகிறது என்பதை வைத்து டார்க்கைக் கணக்கிடும். டர்போ டீசலுக்கு அது போதாது. உருளை கனமானதுதான் என்றாலும் மேடு ஏறும் அளவுக்கு இன்ஜினுக்குப் பாரம் தராது என்பதால் டர்போ எழுவதற்குள் ஆர்.பி.எம். ஓடிவிடும், கீழ்ப்பகுதி டார்க் குறைவாகத் தெரியும். மின்காந்தப் பிரேக் உள்ள டைனோவில் இன்ஜினை 1,800-இல் அப்படியே பிடித்து நிறுத்தி, முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்க்கலாம். பாரத்தோடு மேடு ஏறும் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். பிரேக் உண்டு என்றார்கள். 6,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

போவதற்கு முன் என் 265 மட் டயர்களைக் கழற்றி, பரணில் கிடந்த பழைய கம்பெனி டயர்களை மாட்டினேன். கனமான டயர் தன்னைச் சுழற்றிக்கொள்ளவே கொஞ்சம் சக்தியைத் தின்னும். பெரிய பட்டன்கள் உருளையில் சூடேறிப் பிய்ந்து போவதும் உண்டு. அடிப்பக்கச் சேற்றைத் துப்புரவாகக் கழுவினேன். பின் தொட்டியில் ஒரு ஸ்பேனர் கூட இல்லாமல் காலி செய்தேன்.

பிப்ரவரி மாதம், விடியற்காலை. பனிக்குல்லாவோடு கிளம்பி, மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றியாகிவிட்டது. ஒன்பதரைக்கு ஒர்க்‌ஷாப்.

பின்சக்கரங்களை உருளை மேல் ஏற்றி, 4x4 குமிழ் 2ஹெச்-இல் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில்) இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார்கள். அப்புறம் நாலு பட்டைகளால் சேஸிஸோடு கட்டினார்கள். பம்பரில் கட்ட வந்த பையனை, மேப்பைச் சரிசெய்யும் டியூனர் தம்பி தடுத்துவிட்டார், அது எனக்குப் பிடித்தது. முன்னால் ஆளுயர ஃபேன், சைலன்ஸரில் புகையை வெளியே இழுக்கும் குழாய், டர்போவுக்கு முன்னால் புகைச்சூடு பார்க்கும் சென்சார். ரன் எடுப்பது நான்காவது கியரில், ஏனென்றால் அதில்தான் கியர்பாக்ஸ் விகிதம் ஒன்றுக்கு ஒன்று.

முதல் ரன். கட்டிப் போட்ட வண்டி முழு வேகத்தில் அலறுவதைப் பக்கத்தில் நின்று கேட்பது வேறு மாதிரி அனுபவம், நெஞ்சுக்குள் அதிர்ந்தது. கருப்புப் புகை குழாயை மீறி வந்தது. புகைச்சூடு 840 டிகிரி தொட்டதும் தம்பி காலை எடுத்துவிட்டார்.

திரையில் 128 ஹெச்.பி. அது சக்கரத்தில் கிடைக்கும் சக்தி. கியர்பாக்ஸ், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், ஆக்ஸில் எல்லாம் சேர்ந்து 15 சதவீதம் தின்னும் என்று வைத்தால் இன்ஜினில் 150. சொன்ன 180 அங்கே இல்லை. ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. 1,800-இல் டார்க் வெறும் 190. மாற்றம் எதுவும் செய்யாத வண்டியே அந்த இடத்தில் சக்கரத்தில் 270 கொடுத்திருக்கும். இவ்வளவு செலவு செய்து, நான் தினமும் ஓட்டும் இடத்தில் வண்டியைப் பலவீனமாக்கி வைத்திருக்கிறேன்.

தம்பி கிராஃபைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணா, மலையில காத்து கம்மின்னு சொன்னீங்க. இங்க நாம 400 மீட்டர் ஒசரத்துல இருக்கோமுங்க. இங்கயும் அதே குழிதானுங்க இருக்குது."

அப்போதுதான் உறைத்தது. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கோவையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலைதான் காரணமென்றால் கோவையில் இந்தக் குழி நிரம்பியிருக்க வேண்டும். நான் தினமும் மேலேயே ஓட்டியதால், கீழே இறங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இறங்கும்போது யார் முழுசாக மிதிக்கிறார்கள்?

அப்புறம் தேடல் ஆரம்பித்தது. இன்டேக் குழாய்க்குள் மெல்லிய அழுத்தத்தில் புகை செலுத்திப் பார்த்தார்கள். இன்டர்கூலர் ஹோஸில் கிளாம்ப் ஓரமாக முடியளவு வெடிப்பு, அதிலிருந்து நூல் மாதிரி புகை. ஹோஸை மாற்றி ஓட்டினால் 190 என்பது 215 ஆனது. குழி போகவில்லை. பிரேக்கைப் போட்டு 1,800-இல் பிடித்து நிறுத்தினார். ஈ.சி.யூ. 1.2 பார் பூஸ்ட் (டர்போ ஏற்றித் தரும் காற்றழுத்தம்) கேட்கிறது, 0.6-தான் வருகிறது.

இந்த டர்போவில், புகை சுழற்றும் சக்கரமான டர்பைனைச் சுற்றி வேன்கள் எனும் அசையும் சிறு தகடுகள் உண்டு. வேகம் குறைவாக இருக்கும்போது அவை நெருங்கி மூடி, குறைந்த புகையையும் விரைவாகப் பாய்ச்சி டர்பைனைச் சுற்றும். என் வண்டியில் அவை பாதி திறந்த நிலையிலேயே சிக்கிக் கிடந்தன. காரணம் கரி. பழைய மேப்பில் காற்று வருவதற்கு முன்பே டீசலை அள்ளி ஊற்றியிருந்தது. எரியாத டீசல் கரியாகி வேன்களில் படிந்து, வேன் சிக்கி, பூஸ்ட் இன்னும் தாமதமாகி, அதனால் இன்னும் கரி. நான் மேடேற மேடேற மிதித்ததெல்லாம் அதற்குத் தீனிதான்.

அன்று அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட இரண்டு வாரம் ஆனது. கழற்றி வைத்ததைப் பார்த்தேன், தோசைக்கல்லில் பிடித்த கரி மாதிரி இறுகிப் போயிருந்தது.

இரண்டாவது தடவை போனபோது மேப்பைப் புதிதாக எழுதினோம். பூஸ்ட் எவ்வளவு வருகிறதோ அதற்கு ஏற்ற அளவுக்கு மட்டும் டீசல், புகைச்சூடு 750-ஐத் தாண்டக் கூடாது. இன்னும் ஏற்றினால் 165 வரும் என்றார் தம்பி. நான் வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக உயரத்துக்கான திருத்த அட்டவணையில் அரை நாள் செலவழிக்கச் சொன்னேன். எங்களுக்கு அதுதான் முக்கியம். இன்ஜினுக்குள் 2.4 பார் மொத்த அழுத்தம் வேண்டுமென்றால், கோவையில் டர்போ வெளிக்காற்றை 2.5 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் 3 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். டர்போ அளவுக்கு மீறிச் சுழன்று உடைவது இப்படித்தான். அதனால் காற்றழுத்தம் குறையக் குறைய பூஸ்ட்டையும் டீசலையும் சேர்த்தே குறைக்கும்படி எழுதினார். சமவெளியில் டியூன் செய்து மலைக்குக் கொண்டு வருகிறவர்கள் இதைக் கேட்டு வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கடைசி ரன்: சக்கரத்தில் 149 ஹெச்.பி., 2,100-இல் 385 நியூட்டன் மீட்டர். நான் முதலில் தேடிய எண், 1,800-இல் 330.

தாளை வாங்கும்போது திருத்தம் செய்யாத அளவையும் சேர்த்து அச்சிடச் சொல்லுங்கள். வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணை உயர்த்திக் காட்டும் சூத்திரம் டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பொருந்தும். டர்போ வண்டிக்கு அதை அப்படியே போட்டால் இல்லாத சக்தியைக் காட்டிவிடும். வேறு டைனோவில் எடுத்த எண்ணோடும் ஒப்பிடாதீர்கள். இரண்டு ரன்னும் ஒரே உருளையில் இருந்தால்தான் அர்த்தம்.

திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் பத்து மூட்டை உரம் ஏற்றினேன். குஞ்சப்பனை தாண்டி ஒரு லாரிக்குப் பின்னால் வேகம் செத்து, 1,700-இல் மிதிக்க வேண்டி வந்தது. வண்டி தயங்கவில்லை. கண்ணாடியில் புகை இல்லை, மீட்டரில் 610 டிகிரி. அடுத்த வாரம் புகைப் பரிசோதனையில் புகையின் அடர்த்தி 22 வந்தது, பி.எஸ்.4 டீசலுக்கு வரம்பு 50.

ஞாயிற்றுக்கிழமை தொட்டபெட்டா ஜங்ஷன் வரை ஏறி, ஓடிய பதிவை லேப்டாப்பில் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். கோவையைவிட அங்கே பூஸ்ட் 150 ஆர்.பி.எம். தாமதமாக எழுகிறது. மலைக் காற்றின் பங்கு அவ்வளவுதான். ராத்திரி பதில் வந்தது: "வேன் நல்லா மூடித் தெறக்குதுங்கண்ணா. மேப்பை இப்படியே வெச்சுக்கலாம்."