கவுண்ட் சரியாகத்தான் இருந்தது

டெங்கு வந்தாலும் வந்தது, பிளேட்லெட் கவுண்ட் (ரத்தக்கசிவை அடைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை) என்றால் இப்போது எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கினால் பதறுகிறோம், மேலே இருந்தால் நிம்மதி. ரத்தக்கசிவு நோய்களுக்கான ஆய்வகத்தில் சேரும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பெண்ணுக்குப் பதினாலு வயது. கவுண்ட் 2,40,000. பெரியவளானதிலிருந்து மாதாமாதம் பத்துப் பன்னிரண்டு நாள் ரத்தப்போக்கு; இரண்டு தடவை ரத்தம் ஏற்றியிருந்தார்கள். "பால்பல் விழுந்தப்பவே ரத்தம் நிக்கல மேடம். ரிப்போர்ட் நார்மல்னுதான் எல்லாரும் சொன்னாங்க" என்றார் அம்மா.

நீல மூடி டியூபில் எடுத்த ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, நாலு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். மெதுவாகச் சுழற்றினால் மேலே பிளாஸ்மா, நீர்மோர் மாதிரி கலங்கலாக நிற்கும். அதில் பிளேட்லெட்டுகளைத் தூண்டும் ஏடிபி (ADP) என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் பிளேட்லெட்டுகள் திரண்டு, கலங்கல் தெளிந்து, ஒளி ஊடுருவும். கருவியின் திரையில் கோடு ஏறும். மருந்தியல் அறிஞர் குஸ்தாவ் பார்ன் 1962-இல் காட்டிய வழி இது, இன்றும் இதைத்தான் நம்பியிருக்கிறோம். பக்கத்துச் சேனலில் எங்கள் டெக்னீஷியனின் ரத்தம் சரசரவென்று ஏறியது. இவளுடையது அசையவில்லை. அதேபோல் தூண்டும் கொலாஜன், அட்ரினலின் எதற்கும் அசையவில்லை. வேறு வழியில் திரளவைக்கும் ரிஸ்டோசெட்டின் என்ற மருந்துக்கு மட்டும் ஏறியது.

கிளான்ஸ்மேன் நோய். 1918-இல் சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் எடுவர்ட் கிளான்ஸ்மேன் விவரித்தது. பிளேட்லெட்டுகள் லட்சக்கணக்கில் இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று பிணைப்பது ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜன் என்ற பொருள்; அதைப் பற்றிக்கொள்ளும் புரதம்தான் இருக்காது, இருந்தாலும் வேலை செய்யாது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும்.

அதனால் ஃபாரத்தில் ஒரு கேள்வி உண்டு. தலை நிமிராமலே கேட்டேன்: "சொந்தத்துல கட்டினதாம்மா?" தாய்மாமாவையே கட்டியவர் அவர். அருகில் உட்கார்ந்திருந்த அம்மாச்சி, "என் தம்பிக்குத்தானே கொடுத்தேன்..." என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இப்போதெல்லாம் முதலில் பேனாவை மூடிவிடுகிறேன். இது யார் செய்த தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் கேட்கிறேன்.

ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரை கொடுத்தார்கள். வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபென் பக்கமே போகக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார்கள். அடுத்த மாதம் அம்மா மறுபடி வந்தார், கூடவே ஆறு வயதுப் பையன். சட்டையைத் தூக்கி, விலாவில் கன்றியிருந்த இடத்தைக் காட்டினார்.

"இவனையும் பாத்துடுங்க மேடம்."

நீல மூடி டியூபை எடுத்தேன்.